கட்டுக்கு 25: ஒரு பிள்ளை வேதிச் சமன்பாடு படித்த கதை

காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக் கொடுத்துப் பத்து நாள் ஆகியிருக்கும். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் எங்கள் ஊரில், வீட்டுத் தார்சாவில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். எட்டு முதல் பத்து வரை, எல்லாம் தமிழ் வழிப் பிள்ளைகள். அன்றைக்குப் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி தன் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள்.

"மத்த பாடமெல்லாம் பரவால்ல டீச்சர். கெமிஸ்ட்ரியில அந்தச் சமன் போடுதது மட்டும் இவ மண்டையில ஏற மாட்டேங்கு. நாலு தடவ எழுதிப் பாத்துட்டா. கணக்குல வீக்குன்னு பள்ளிக்கூடத்துல சொல்லுதாவ."

பெயர் வேண்டாம், பிள்ளை என்றே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு. அவளுடைய கணக்கு நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். காரணிப்படுத்துதல், இருபடிச் சமன்பாடு எல்லாம் சுத்தமாக இருந்தன. கணக்கில் வீக் என்பது அங்கேயே இடித்தது. அதனால்தான் இந்த ஒரு பிள்ளையின் கதையை மட்டும் தேதி வாரியாகக் குறித்து வைத்தேன்.

சமன் போடுவது என்றால், அம்புக்குறிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் அதே எண்ணிக்கையில் வரும்படி செய்வது. இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறியீடுகளை வகுப்பில் வாயால் சொல்வது போலத் தமிழ் எழுத்திலேயே எழுதப் போகிறேன். ஹெச் என்றால் ஹைட்ரஜன், ஓ என்றால் ஆக்சிஜன், ஹெச்₂ஓ என்றால் தண்ணீர், சி என்றால் கார்பன், சிஏ என்றால் கால்சியம், எம்ஜி என்றால் மெக்னீசியம், இப்படி.

நோட்டில் இருந்தது

பள்ளி நோட்டில் ஏழு சமன்பாடுகள். மூன்றுக்கு டிக், நான்குக்குச் சிவப்புக் கோடு.

டிக் வாங்கிய மூன்றும் சுண்ணாம்பு. கல்லைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு: சிஏசிஓ₃ → சிஏஓ + சிஓ₂. அதில் தண்ணீர் ஊற்றினால் நீற்றுச் சுண்ணாம்பு: சிஏஓ + ஹெச்₂ஓ → சிஏ(ஓஹெச்)₂. சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதினால் பால் போலக் கலங்குவது: சிஏ(ஓஹெச்)₂ + சிஓ₂ → சிஏசிஓ₃ + ஹெச்₂ஓ. தாழையூத்தில் கல் வெட்டிச் சிமெண்ட் ஆக்குகிற சீமையில் இந்த மூன்றையும் முதலில் எடுப்பது நியாயம்தான். ஆனால் எண்ணிப் பாருங்கள், மூன்றும் எழுதின உடனேயே சமமாக இருப்பவை. யாரும் ஒரு எண்ணைக்கூடப் போட வேண்டாம். பிள்ளையும் போடவில்லை. பார்த்து எழுதினாள், டிக் வாங்கினாள். அந்த மூன்று டிக்கும் அவளுக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

விஷயம் தப்பாகப் போன நான்கில்தான் இருந்தது.

முதலாவது, மெக்னீசியம் நாடா எரிவது. எம்ஜி + ஓ₂ → எம்ஜிஓ என்று கேள்வி. அவள் வலப்பக்கத்தை எம்ஜிஓ₂ ஆக்கிவிட்டாள். இரண்டாவதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் வரவேண்டிய இடத்தில் ஹெச்₂ஓ₂. மூன்றாவது அலுமினியம். ஏஎல் + ஓ₂ → ஏஎல்₂ஓ₃ என்று கொடுத்ததில், இந்தத் தடவை இடப்பக்கத்தை மாற்றி ஏஎல்₂ + ஓ₃ என்று எழுதியிருந்தாள். நான்காவது நீற்றுச் சுண்ணாம்பும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். அதில் அமிலத்துக்கு முன்னால் 2 சரியாகப் போட்டிருந்தாள். ஆனால் தண்ணீரை ஹெச்₄ஓ என்று முடித்திருந்தாள்.

முதல் பார்வையில் எனக்கும் சிரிப்பு வந்தது. ஹெச்₄ஓ என்று ஒரு தண்ணீரா? அப்புறம் பென்சிலை எடுத்து அவள் எண்ணியது போலவே எண்ணினேன். அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கிற 2 பக்கத்தில் இருக்கிற ஹெச்-க்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால், இடப்பக்கம் ஓ ஒன்று, ஹெச் இரண்டு. அமிலத்திலிருந்து இன்னும் இரண்டு ஹெச். ஆக ஓ ஒன்று, ஹெச் நான்கு. வலப்பக்கம் ஹெச்₄ஓ. டாணென்று சரியாக இருந்தது.

நான்கிலுமே அப்படித்தான். அவள் எண்ணிய விதத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுகூடப் பிசகவில்லை. கணக்கில் வீக்கான பிள்ளை செய்கிற காரியம் இல்லை இது. எந்த எண்ணைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது போய்ச் சேரவில்லை. "இரண்டு பக்கமும் சமமாக்கு" என்றார்கள், சமமாக்கிவிட்டாள்.

இன்னொரு சின்ன விஷயமும் கண்ணில் பட்டது. மெக்னீசியத்தின் இரண்டு ஆங்கில எழுத்தையும் பெரிய எழுத்தாகவே எழுதியிருந்தாள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஒன்று கிடையாது. அதில் ஒரு பொருள் இருக்கிறது என்பது தமிழ் வழிப் பிள்ளைக்குத் தானாகத் தோன்றாது. இதோ, இந்தப் பத்திகளில் எனக்கும் அதே சிக்கல்தான். சிஓ என்று தமிழில் எழுதினால் அது கோபால்ட்டா, கார்பன் மோனாக்சைடா? எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

முதல் இரண்டு வாரம், என் தப்பு

நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு மருந்தைத் தப்பாகக் கொடுத்தேன். எனக்குக் கைவந்த முறை அட்டவணை முறை. தனிமங்களை வரிசையாக எழுது, இடம், வலம் என்று கட்டம் போடு, எது குறைகிறதோ அதற்கு முன்னால் எண் போடு. "சின்ன எண்ணைத் தொடாதே, முன்னால மட்டும் போடு" என்று ஒரு விதியும் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளை கெட்டிக்காரி. இரண்டே வாரத்தில் பத்துக்கு எட்டு. எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் ஒரு நாள் சும்மா, "3 ஹெச்₂ன்னா என்னட்டி? படம் போட்டுக் காட்டு" என்றேன். ஆறு வட்டங்களை ரயில் பெட்டி மாதிரி ஒட்ட ஒட்ட ஒரே வரிசையில் போட்டாள். இரண்டு இரண்டாக மூன்று ஜோடி இல்லை, ஆறு கோத்த ஒரே சங்கிலி. பெரிய 3-ம் சின்ன 2-ம் அவளுக்குப் பெருக்கி ஆறு வரவேண்டிய இரண்டு எண்கள், அவ்வளவுதான். எது எங்கே நிற்கிறது என்பதற்கு ஒரு பொருளும் இல்லை.

பி.எட். படித்தபோது கேட்ட ஒரு ஆய்வு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 1985-ல் யாரக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 14 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை உட்கார வைத்துப் பேசினார். சமன்பாட்டைச் சமன் செய்ய அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பாதிப் பேருக்கு அந்தச் சமன்பாட்டுக்குப் பொருந்துகிற படம் போட வரவில்லை. அவர்களும் இதே மாதிரி வட்டங்களை வரிசையாகப் போட்டார்கள். எங்கேயோ அமெரிக்காவில் நடந்தது என்று படித்ததை இங்கே என் தார்சாவிலேயே பார்த்தேன். அட்டவணையைத் தூக்கிப் போட்டேன்.

பீடித் தட்டு

ஞாயிற்றுக்கிழமை, நோட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஈரச் சாக்கில் சுற்றி வைத்துப் பதப்படுத்திய இலை, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்த துண்டுகள், ஒரு ஓரத்தில் தூள். இலையை எடுத்து, தூளைப் பரத்தி, சுருட்டி, வாயை மடக்கி, நூல் சுற்றி, போட்டுவிட்டு அடுத்தது. கை பாட்டுக்குப் போகிறது, வாய் என்னோடு பேசுகிறது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சுற்றினதை அஞ்சு அஞ்சாக எண்ணிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கட்டுக்கு எத்தனைட்டி?"

"25 டீச்சர்."

"ஒண்ணு கூடப் போயிட்டா? 26 வச்சுக் கட்டினா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதெப்படி டீச்சர்? கட்டுன்னா 25 தான. கடையில பிரிச்சு எண்ணிக் கழிச்சிருவாவ."

"சரி, கடையில கூட வேணும்னு கேட்டா?"

"கூட ரெண்டு கட்டுப் போடணும்."

அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. கட்டுக்கு உள்ளே இருக்கிற எண்ணை நாம் மாற்ற முடியாது, எத்தனை கட்டு என்பதை மட்டும்தான் மாற்றலாம். ஆயிரம் பீடி என்றால் 40 கட்டு. அதை 26 பீடிக் கட்டாக்கிக் கணக்கை நேர் செய்ய அவள் கனவிலும் நினைக்க மாட்டாள். நோட்டில் மட்டும் அதையே செய்துகொண்டிருந்தாள், ஏனென்றால் அங்கே மூலக்கூறுதான் கட்டு என்பது அவளுக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்தத் தொழிலைப் பற்றிப் பெருமை பேச இதை எழுதவில்லை. தூள் நெடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்ததற்கே எனக்கு இருமல் வந்தது. "என்னோட போகட்டும் டீச்சர், இவ படிச்சுக்கிடட்டும்" என்றுதான் அக்காவும் சொன்னாள்.

திங்கட்கிழமை பாசிமணி வாங்கி வைத்தேன். வெள்ளைப் பாசி ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன். நூல் அவள் வீட்டுப் பீடி நூல்தான். வெள்ளை இரண்டிரண்டாக ஒரு குவியல் கட்டி வைத்தோம், சிவப்பு இரண்டிரண்டாக ஒரு குவியல். விதி இதுதான்: இடப்பக்கத்திலிருந்து எடுத்தால் முழுக் கட்டாக எடுக்க வேண்டும். தட்டு நடுவில் வைத்து நூலை அறுத்துவிடலாம், அங்கே நடப்பதுதான் வேதிவினை. அறுத்த பாசியை வலப்பக்கத்தில் கேட்ட மாதிரி திரும்பக் கட்ட வேண்டும். முடிக்கும்போது தட்டில் ஒரு பாசி மிஞ்சக்கூடாது, ஒன்று குறையவும் கூடாது.

ஒரு வெள்ளைக் கட்டு, ஒரு சிவப்புக் கட்டு எடுத்தாள். அறுத்தாள். இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு சேர்த்து ஒரு தண்ணீர் கட்டினாள். ஒரு சிவப்பு தட்டில் உருண்டு நின்றது. கை தானாக அதை எடுத்து அந்தத் தண்ணீரிலேயே சேர்க்கப் போனது. அப்படியே நின்றுவிட்டது.

"கட்டு மாறிரும்லா டீச்சர்."

"மாறினா அது என்ன தெரியுமா? புண்ணு கழுவ மருந்துக் கடையில வாங்குவோமே, ஊத்தினா நுரைக்குமே, ஹைட்ரஜன் பெராக்சைடு, அது. நோட்டுல நீ அதத்தான் எழுதி வச்சிருந்த."

"அய்யோ" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னொரு வெள்ளைக் கட்டை எடுத்தாள். இரண்டாவது தண்ணீர். தட்டு காலி. எடுத்தது வெள்ளைக் கட்டு 2, சிவப்புக் கட்டு 1, கட்டினது 2. அதற்கப்புறம்தான் பேனாவைக் கையில் கொடுத்தேன்: 2 ஹெச்₂ + ஓ₂ → 2 ஹெச்₂ஓ.

அலுமினியத்துக்கு அரை மணி நேரம் ஆனது. சிவப்பு இங்கே இரண்டு இரண்டாக வருகிறது, அங்கே மூன்று மூன்றாகக் கேட்கிறார்கள். ஒரு கட்டு எடுத்தால் போதவில்லை, இரண்டு எடுத்தால் ஒன்று மிஞ்சுகிறது. மூன்றாவது கட்டை எடுத்ததும் ஆறு. ஆறை இரண்டு மூன்றாகப் பிரித்தாள். "இது மீச்சிறு பொது மடங்குலா!" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. 4 ஏஎல் + 3 ஓ₂ → 2 ஏஎல்₂ஓ₃. பழைய நோட்டில் இதற்காக அவள் ஓ₃ எழுதியிருந்தாளே, அது ஓசோன் என்று சொன்னதும் அவளுக்கே சிரிப்பு.

அடைப்புக்குறி எளிதாக முடிந்தது. ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்த குட்டிக் கட்டு, அதைப் போல இரண்டை ஒரு கால்சியப் பாசியோடு சேர்த்துக் கட்டினால் சிஏ(ஓஹெச்)₂. கட்டுக்குள் கட்டு. வெளியே நிற்கிற 2 முழுக் குட்டிக் கட்டுக்கும் என்பதைக் கை சொல்லிவிட்டது. ஹெச்₄ஓ போன இடத்தில் 2 ஹெச்₂ஓ வந்தது. சல்பேட் மாதிரி சேர்ந்தே வருகிற அணுக் குழுக்களையும் இப்படியே முழுசாக எடுத்து முழுசாக வைக்கப் பழகினாள்.

உவமை எங்கே ஒட்டாது

பீடிக் கட்டில் இருப்பது எல்லாம் ஒரே மாதிரிப் பீடி. மூலக்கூறு அப்படி இல்லை. பீடிக்கு 25 என்று வைத்தது கடை, ஆக்சிஜனுக்கு இரண்டு என்று யாரும் தீர்மானம் போடவில்லை. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பீடிக் கட்டு தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு இது உதவவும் உதவாது. வாழைக்காய் வியாபாரி மகன் ஒருவனிடம் சீப்பை வைத்துச் சொல்லிப் பார்த்தேன், சொதப்பல். சீப்புக்குச் சீப்பு காய் மாறும். எண்ணிக்கை மாறாத கட்டு எதுவோ அதுதான் வேண்டும். அவனுக்கு நேராகப் பாசிமணிதான்.

எடை விஷயத்தில் அவளே என்னை மடக்கினாள். வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்று சொல்ல லவாய்சியர் கதையை எடுத்தேன். பிரெஞ்சுக்காரர், வரி வசூல் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர், அதனாலேயே 1794-ல் தலை போனது. ஆய்வுக்கூடத்திலும் தராசை விட்டுக் கண்ணெடுக்காதவர். 1789-ல் வெளிவந்த தன் நூலில், எந்த மாற்றத்திலும் முன்னால் இருந்த அளவு பொருள் பின்னாலும் இருக்கும் என்று எழுதினார். "உங்க வீட்டுல மாதிரிதான். கடையில தந்த இலை எடையும், சுத்தின பீடியில உள்ள இலையும் கத்தரிச்ச கழிவும் சேந்த எடையும் ஒண்ணாத்தான இருக்கணும்?"

"இருக்காதே டீச்சர். இலைய நனைச்சிருவோம்லா, எடை கூடிரும்."

ஒரு நிமிஷம் எனக்குப் பதில் வரவில்லை. அவளே சொன்னாள்: "அப்ப தண்ணியையும் எடை போட்டிருக்கணும்."

சுண்ணாம்புக் காளவாயைப் பற்றி அன்றைக்கே பேசினோம். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லை முழுசாகச் சுட்டால் கிடைப்பது 56 கிலோ சுண்ணாம்புதான். மிச்சம் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடுகிறது. "காளவாய்க்காரரு ஏமாத்தலியா அப்ப?" என்று கேட்டாள். இல்லை, அணு நிறை கால்சியத்துக்கு 40, கார்பனுக்கு 12, மூன்று ஆக்சிஜனுக்கு 48, கூட்டிப் பார் என்றேன். கூட்டினாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், கேஸ் அடுப்பை எடுத்தோம். சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேன் சுலபமாக வந்தது: சி₃ஹெச்₈ + 5 ஓ₂ → 3 சிஓ₂ + 4 ஹெச்₂ஓ. கார்பனை முதலில் பார், அப்புறம் ஹைட்ரஜன், ஆக்சிஜனைக் கடைசியில் என்று சொல்லியிருந்தேன். ஏன் கடைசி என்றால், இடப்பக்கத்தில் ஆக்சிஜன் தனியாக நிற்கிறது. அதன் கட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேறு எந்தத் தனிமத்தின் கணக்கும் கெடாது. கார்பனைக் கடைசிக்கு விட்டால் அதை மாற்றும்போது ஹைட்ரஜனும் சேர்ந்து ஆடும், மறுபடி முதலிலிருந்து. தனியாக நிற்பதைக் கடைசியில் தொடு என்ற இந்த ஒன்றை விதியாகவே சொல்லிக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

பியூட்டேன், சி₄ஹெச்₁₀. கார்பனுக்கு 4 சிஓ₂, ஹைட்ரஜனுக்கு 5 ஹெச்₂ஓ. ஆக்சிஜன் எட்டும் ஐந்தும் பதின்மூன்று. இரண்டு இரண்டாக வருகிற கட்டில் பதின்மூன்று எப்படி எடுப்பது? ஆறரைக் கட்டு என்று எழுதிவிட்டு, பேனாவை வாயில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரைக் கட்டக் கடையில எடுக்க மாட்டாவ டீச்சர்."

"என்ன செய்யப் போற?"

"எல்லாத்தையும் ரெண்டு பங்காக்கிருதேன்."

2 சி₄ஹெச்₁₀ + 13 ஓ₂ → 8 சிஓ₂ + 10 ஹெச்₂ஓ. (மேல் வகுப்பில் வெப்பக் கணக்குப் போடும்போது 13/2 என்று பின்னத்திலேயே எழுதுவார்கள், அது தப்பில்லை. அதை இப்போது சொல்லிக் குழப்பவில்லை.)

ஐந்து வாரம் கழித்து

பாசியை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். நடுவில் உயிரியல், கணக்கு என்று ஓடியது. அரையாண்டுத் தேர்வுக்கு முன், சொல்லாமல் ஒரு நாள் ஆறு புதுச் சமன்பாடுகளைக் கொடுத்தேன், இரண்டுக்குப் படமும் கேட்டேன். ஐந்து சரி. அம்மோனியாவுக்கு ஒரு நைட்ரஜன் ஜோடி, மூன்று ஹைட்ரஜன் ஜோடி என்று தனித்தனியாக வட்டம் போட்டிருந்தாள். பழைய ரயில் பெட்டியைக் காணோம்.

தப்பானது நீராவியும் இரும்பும்: 3 எஃப்இ + 4 ஹெச்₂ஓ → எஃப்இ₃ஓ₄ + 4 ஹெச்₂ என்று வரவேண்டும். கடைசி 4-ஐப் போடாமல் விட்டிருந்தாள். இது அவசரத்தில் விட்டது. கட்டைக் கலைத்தது இல்லை. முன்னால் செய்த தப்பும் இதுவும் ஒரே சிவப்புக் கோட்டில் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் வேறு வேறு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மட்டும் இன்னும் சரியாகவில்லை, அவசரமாக எழுதினால் மெக்னீசியத்துக்கு இரண்டும் பெரிதாகவே வருகிறது.

சின்ன எண்ணை இன்றைக்குக் கீழே எழுதுகிறோம். இந்த எழுத்துக் குறியீடுகளை 1813, 1814 வாக்கில் கொண்டுவந்த சுவீடன்காரர் பெர்சிலியஸ் அதை மேலேதான் எழுதினார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மேலே கீழே எங்கே வைத்தால் என்ன, கட்டு கட்டுதான் என்று அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வேறொன்றில் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், பீடிக்குக் கடைக்காரரு சொல்லுதாரு 25ன்னு. ஆக்சிஜனுக்கு யாரு சொன்னா ரெண்டுன்னு? அது ஏன் எப்பவும் ரெண்டு ரெண்டாவே வருது?"

அன்றைக்கு மணி எட்டாகிவிட்டது, நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். மறுநாள் மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். போர்டில் ஒரு ஓ எழுதி, அதைச் சுற்றி, வெளிக்கூட்டு எலக்ட்ரானுக்கு ஒன்றாக, ஆறு புள்ளி வைத்தேன்.